பந்தை அடிக்கும் முன்பே சரிந்துவிடுகிறீர்கள்

கேள்வி: எனக்கு வயது 58. கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். துபாயில் இருந்த நாட்களில் கோல்ஃப் பழகினேன். இப்போது வேளிமலை அடிவாரத்தில் எங்கள் விளையில் (தென்னந்தோப்பில்), இரண்டு தென்னைகளுக்கு நடுவே பழைய மீன்வலையைக் கட்டி அதில் அடித்துப் பழகுகிறேன். மாதம் இரண்டு முறை திருவனந்தபுரம் போய் அங்குள்ள ஒன்பது குழி மைதானத்தில் ஆடுவேன். விளையில் ஓரளவு நன்றாக அடிக்கும் நான் அங்கே போனதும் தடுமாறுகிறேன். பந்தின் தலையில் தட்டுகிறேன். இல்லாவிட்டால் பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்துகிறேன். சில சமயம் பந்து விருட்டென்று வலப்பக்கம் தெறிக்கிறது. அடித்து முடித்ததும் ஓர் எட்டு பின்னால் வைக்காமல் நிற்க முடியவில்லை. எடையை வலது காலுக்கு மாற்று, பிறகு இடது காலுக்கு மாற்று என்கிறார்கள் நண்பர்கள். தலையை அசைக்கவே கூடாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். எதைக் கேட்பது? பேரன் எடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். இடது முழங்காலும் லேசாக வலிக்கிறது.
— ஒரு வாசகர், தக்கலை

பதில்:

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தைவிட உங்கள் பேரன் எடுத்த வீடியோ நிறையச் சொல்லிவிட்டது. பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு மூன்று முறை உங்கள் கையையும் தோளையும் பார்த்தேன். அப்புறம்தான் புத்தி வந்து தரையைப் பார்த்தேன்.

விளை வீட்டுப் பக்கமிருந்து வாய்க்காலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அதில் வியப்பில்லை, மலையடிவாரத்தில் ஒரு கட்டில் போடும் அளவுக்குச் சமதளம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். நீங்கள் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறீர்கள். அதனால் பந்து உங்கள் பாதத்தைவிட மூன்று நான்கு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. அப்படி நிற்கிற எவருக்கும் உடம்பு குதிகால் பக்கம் பின்வாங்கும். விழாமலிருப்பதற்காக நீங்கள் அறியாமலே கால்விரல்களின் மேல் முன்சாய்ந்து நின்று பழகிவிட்டீர்கள். போதாக்குறைக்கு ரப்பர் செருப்பு. வார் நழுவாமலிருக்க விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டே இருக்கின்றன. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினால் வலது கட்டைவிரல் இறுகி வெளுத்திருப்பதுகூடத் தெரிகிறது.

விளையில் இந்த முன்சாய்வு உங்களைக் காப்பாற்றுகிறது. திருவனந்தபுரத்துச் சமமான புல்தரையில் ஈடுகட்டுவதற்குச் சரிவு கிடையாது. சாய்வு மட்டும் உங்களோடு பஸ் ஏறி வந்துவிடுகிறது. பந்தை நோக்கி இறங்கும் வேகத்தில் உடம்பு இன்னும் முன்னால் போகிறது, கை வெளியே தள்ளப்படுகிறது, மட்டையின் முகம் தொட வேண்டிய பந்தை, மட்டைமுகம் தண்டோடு சேரும் கழுத்து தொடுகிறது. வலப்பக்கம் தெறிக்கும் பந்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதற்காகக் கைப்பிடியை மாற்றுவதும் மணிக்கட்டைத் திருப்புவதும் வீண் வேலை.

ஆகவே முதல் வேலை, நீங்கள் நின்று அடிக்கும் அந்தக் கயிற்றுப் பாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு முற்றத்துக்கு வருவது. கொத்தனாரிடம் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், சரிவிலேயே வாழ்கிறவர்களின் கண்ணுக்குச் சரிவு தெரியாது. வலையையும் அங்கே மாற்றிக் கட்டுங்கள். கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: விதிப்படி கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வலைக்கண் அதைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும். விறைப்பாகக் கட்டாமல் தொளதொளவென்று தொங்க விடுங்கள். விறைத்த வலை பந்தை உங்களிடமே திருப்பி அனுப்பும்.

பாய் சமமான பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நில்லுங்கள். ஷூ போட்டிருந்தால் நாடா முடிச்சு எங்கே இருக்குமோ, அதற்கு நேர் கீழே உள்ளங்காலில் எடை இருக்க வேண்டும். விரல்களிலும் வேண்டாம், குதிகாலிலும் வேண்டாம். இடுப்பிலிருந்து குனியுங்கள், முதுகை வளைக்காதீர்கள். முழங்கால் பூட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். இப்போது பேரனைக் கூப்பிட்டு, ஒரு விரலால் உங்கள் நெஞ்சில் தள்ளச் சொல்லுங்கள், பிறகு முதுகில். இரண்டு பக்கமும் ஒரே அளவு எதிர்ப்பு இருந்தால் சரியாக நிற்கிறீர்கள். வெறுங்காலில் கால்விரல்கள் எதையும் கவ்விக்கொள்ளத் தேவையில்லாமல் விரிந்து படிவதை நீங்களே உணர்வீர்கள். சாம் ஸ்னீட் போன்ற பெரிய ஆட்டக்காரரே வெறுங்காலோடு பயிற்சி செய்தவர்தான், நமக்கென்ன கூச்சம்.

இனி இரண்டாவது கோளாறு. இது முதலாவதைவிடப் பெரிது. பந்தின் தலையில் தட்டுவது, பின்னால் மண்ணைக் கொத்துவது, ஓர் எட்டு பின்வாங்குவது எல்லாம் இதன் பிள்ளைகள்.

மட்டையை மேலே தூக்கி முடித்த இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். அந்தக் கணத்தில் உங்கள் எடை எந்தக் காலில் இருக்கிறது? இடது காலில். இடது தோள் தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறது, முதுகுத்தண்டு பந்து போக வேண்டிய திசைக்குச் சாய்ந்திருக்கிறது. மேலே போகும்போது இடது காலுக்கு வந்துவிட்ட எடை, கீழே இறங்கும்போது எங்கே போகும்? வேறு இடமில்லாமல் வலது காலுக்குத்தான். உங்கள் நண்பர்கள் சொன்னதை நீங்கள் செய்யாமல் இல்லை. அப்படியே தலைகீழாகச் செய்கிறீர்கள். பின்னால் விழுந்துகொண்டே அடிப்பதால் மட்டை தன் வளைவின் அடிப்புள்ளியைப் பந்துக்கு முன்பே தொட்டுவிடுகிறது. அங்கே தரையில் பட்டால் மண் கொத்து. படாமல் தப்பினால் மேலே எழும்பும் வழியில் பந்தின் உச்சந்தலையில் ஒரு தட்டு. இரண்டும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தோன்றும், வேர் ஒன்றுதான்.

இதற்கு வித்திட்டது அந்த "தலையை அசைக்கவே கூடாது" என்ற உபதேசம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். எனக்கும் ஆரம்ப காலத்தில் ஒருவர் இதையே சொல்லிக்கொடுத்தார். ஆணி அடித்ததுபோல் தலையை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு அடித்தேன். ஆட்டம் வரவில்லை, இடுப்பு வலிதான் வந்தது. தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளைத் திருப்ப முயன்றால், திரும்ப இடமில்லாத உடம்பு பந்து போகும் பக்கம் சாய்வதைத் தவிர வேறென்ன செய்யும்? மட்டை மேலே போகும்போது தலை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வலப்பக்கம் நகர்ந்தால் குடி முழுகிவிடாது. மேலும் கீழும் துள்ளாமல் இருந்தால் போதும்.

"எடையை மாற்று" என்பதும் முழுச் சரியில்லை. அதைக் கேட்டவர்கள் இடுப்பை வலப்பக்கம் தள்ளுகிறார்கள். நீங்கள் கப்பல்காரர், உங்களுக்கு இது எளிதில் புரியும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் கப்பல் என்ன பாடு படும்? சாய்ந்த பக்கமே தண்ணீரும் ஓடி, நிமிர வேண்டிய நேரத்தில் நிமிரவிடாது. இடுப்பு பக்கவாட்டில் போகும் ஸ்விங், அதாவது மட்டைச் சுழற்சி, அந்தத் தொட்டிதான். ஓடியது திரும்பி வருவதற்குள் பந்து போய்விடும்.

போய்விடும் என்று சும்மா சொல்லவில்லை. மட்டை மேலே போக ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகிறது. கீழே வந்து பந்தைத் தொடக் கால் விநாடிதான். மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ 0.0005 விநாடி. அந்தக் கால் விநாடிக்குள் ஓர் ஆளின் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் பின்னால் விழுகிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் காலடி அழுத்தத்தை அளக்கும் தகடுகளில் பார்த்தால் வேறு கதை தெரியும். மட்டை மேலே போகத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அழுத்தம் வலது காலுக்குப் போய்விடுகிறது. மட்டை இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலுக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. கை மேலே, கால் கீழே. இரண்டு திசையில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக இந்த ஒன்றைத்தான்.

இதைக் கோல்ஃப் மைதானத்தில் கற்பதற்கு முன்பே நான் மணக்குடிக் காயலில் பார்த்திருக்கிறேன், அப்போது புரியவில்லை. பழையாறு கடலில் சேரும் அந்த இடத்தில் வீச்சுவலை வீசுகிறவர்களைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்கள் சிறுவயது விடுமுறை. தொடையளவு தண்ணீரில் நிற்பார். வலையின் ஒரு பகுதி முழங்கையில் தொங்கும், ஈயக்குண்டு கோத்த ஓரம் ஒன்றைப் பல்லில் கடித்திருப்பார். உடம்பை மெதுவாக வலப்பக்கம் திருகுவார். வலை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் இடது கால் தண்ணீருக்கடியில் மணலை ஊன்றிவிடும். ஊன்றுவது கண்ணுக்குத் தெரியாது, அவர் தொடையைச் சுற்றிய தண்ணீரில் ஒரு சின்ன வளையம் கிளம்புவதுதான் தெரியும். அதற்குப் பிறகுதான் இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கடைசியில் கை. வலை வட்டமாக விரிந்து விழும். அருகில் நின்று பழகும் பையன் வலையை முழுக்கப் பின்னால் கொண்டுபோய், அங்கே நிறுத்தி, பிறகு மொத்தமாக எறிவான்; வலை பொட்டலம்போல் தொப்பென்று விழும், அவனும் பின்னால் தண்ணீரில் உட்கார்ந்துவிடுவான். உங்கள் வீடியோவைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பையன் நினைவுதான் வந்தது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன், பொறியாளரிடம் மறைப்பானேன். உடம்பின் எடைமையம் இடுப்பெலும்புக் கூட்டின் உயரத்தில் எங்கோ இருக்கிறது. அது ஸ்விங்கின்போது பக்கவாட்டில் அதிகம் நகர்வதில்லை, நகரவும் கூடாது. நகர்வது பாதத்தின் அழுத்தம். வள்ளத்தில் நிற்கிறவர் ஒரு காலை அழுத்தி வள்ளத்தைச் சாய்ப்பார். ஆள் இருந்த இடத்தில்தான் இருப்பார். வேகமாக அடிப்பவர்கள் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு இடது காலால் தரையை உதைக்கும் விசை அவர்கள் உடல் எடையையே மிஞ்சிவிடும். அதனால் இரண்டு எடை மெஷின்களை வாங்கிவைத்து, அவற்றின் மேல் ஏறி நின்று மட்டையைச் சுழற்றிப் பார்க்காதீர்கள். நிற்கும் எடையைப் பார்க்க அவை உதவும், ஓடும் அழுத்தத்தைக் காட்டாது.

கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும். நடுத்தரத் தூரத்துக்கான ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையோடு நிற்கும்போது இரண்டு காலிலும் பாதிப்பாதி. நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்கு வலது காலில் கொஞ்சம் கூடுதல், 55 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழி இருக்கும் பச்சைப் புல்திட்டுக்குப் பக்கத்திலிருந்து குட்டையாக அடிக்கும்போது இடது காலில் அதே அளவு கூடுதல். பந்தைத் தொடும் கணத்தில் இடது காலில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையக் கூடாது. முடிக்கும்போது கிட்டத்தட்ட முழுவதும் இடது காலில். வலது காலின் நுனிவிரல் மட்டும் தரையில், குதிகால் வானத்தைப் பார்க்க வேண்டும். இந்த எண்களை ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடுங்கள். மட்டையைத் தூக்கிக்கொண்டு சதவீதம் எண்ணியவர் எவரும் நன்றாக அடித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி என்ன செய்வது? உங்கள் வயதில் இடுப்பும் முதுகும் கொஞ்சம் இறுகியிருக்கும். அதனால் மட்டை மேலே போகும்போது இடது குதிகால் தரையைவிட்டு எழும்ப விரும்பினால் எழும்பட்டும். வீடியோவில் அதைப் பசை போட்டு ஒட்டியதுபோல் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் இடது குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார். அந்தக் காலோடுதான் 18 பெரிய பட்டங்கள் வென்றார், கடைசியை 1986இல், 46 வயதில். குதிகால் எழும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் முதுகு இடப்பக்கம் சாயாது. இதில் இன்னொரு லாபம் உண்டு. எழுந்த குதிகால் கீழே வந்தாக வேண்டும். "மட்டை இறங்குவதற்கு முன் குதிகால் இறங்கட்டும்" என்று மட்டும் நினைத்துக்கொண்டால், நான் மேலே இரண்டு பத்தி எழுதி விளக்கிய நேரக்கணக்கு தானாக அமைந்துவிடும்.

இடுப்பு வலப்பக்கம் ஓடாமலிருக்க ஒரு கதம்பைத் துண்டு (தேங்காய் மட்டை) போதும். காய்ந்த கதம்பையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒன்றை வெட்டி, வலது பாதத்தின் வெளி ஓரத்துக்கு அடியில் கொடுத்துக்கொள்ளுங்கள். பாதம் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். மட்டையை மேலே கொண்டுபோகும்போது வலது பாதத்தின் உள்ஓரத்தில் அழுத்தம் தெரிய வேண்டும். கதம்பை நசுங்கினால் ஓடிவிட்டீர்கள் என்று பொருள். கடையில் இதற்காகவே விலை போட்டு விற்கும் ரப்பர் ஆப்புகள் இருக்கின்றன. தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் அதை வாங்கினால் ஊர் சிரிக்கும்.

பிறகு இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து நின்று, பாதி வேகத்தில், முழங்கையளவு உயரம்வரை மட்டும் மட்டையைத் தூக்கி அடியுங்கள். முதல் நாள் பத்துப் பந்தில் ஏழுக்குத் தள்ளாடுவீர்கள். தள்ளாட்டம் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். விரல் பக்கம் என்றால் பழைய சரிவின் நினைவு இன்னும் போகவில்லை. ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். நம் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையின் ஆசான்களும் கையில் கம்பு தருவதற்கு முன் சுவடு வைக்க, அதாவது காலடி வைக்கத்தான் கற்றுத் தருவார்கள். இங்கும் அதே வரிசைதான்.

இரண்டாம் வாரம், கால் சேர்த்து நின்று மட்டையைத் தூக்கத் தொடங்குங்கள். மட்டை இடுப்பைத் தாண்டி மேலே போகும்போதே இடது காலை அதன் வழக்கமான இடத்தில் எடுத்து வையுங்கள், வைத்ததும் அடியுங்கள். வீச்சுவலைக்காரர் மணலை ஊன்றியது இதுதான். இதில் பின்னால் விழ முடியாது. விழ முயன்றாலும் கால் விடாது. அடித்து முடித்ததும் அப்படியே நின்று, பந்து வலையில் பட்டுத் தரையில் உருண்டு நிற்கும்வரை அசையாமல் இருங்கள். அசைந்தால் அந்த அடி கணக்கில் இல்லை. தென்னாப்பிரிக்கரான கேரி பிளேயர் அடித்த வேகத்திலேயே வலது காலை எடுத்து முன்னால் ஓர் எட்டு வைத்து நடந்துவிடுவார். அது உங்களுக்கும் ஒத்துவரும். எட்டு வைப்பதில் குற்றமில்லை அண்ணாச்சி, எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

முழங்கால் வலிக்கு: இடது பாதத்தை நேராக வைத்து நிற்கிறீர்கள். உடம்பு இடப்பக்கம் திரும்பும்போது பாதம் பூட்டிக்கிடந்தால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. கால்நுனியை 20, 30 பாகை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றாலோ, வீக்கம் தெரிந்தாலோ மட்டையைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது என் வேலை இல்லை. பல் துலக்கும்போது இடது காலில் மட்டும் நின்று பாருங்கள், சுவரைப் பிடிக்கக் கை தொடும் தூரத்தில். பத்து எண்ணும்வரை நிற்க முடியாத காலில் ஸ்விங் வந்து முடியாது.

சமதளம் பழகிய பிறகு விளைக்கே திரும்பிப் போகலாம்; எந்த மைதானமும் முற்றம்போல் இருக்காது. ஆனால் சரிவில் நிற்கிறோம் என்று தெரிந்து நில்லுங்கள். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் மட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடியுங்கள், பந்து இடப்பக்கம் வளையும் என்று எதிர்பார்த்து வலப்பக்கம் குறி வையுங்கள். தாழ்வில் இருந்தால் இதற்கு நேர்மாறு. முழங்காலை இன்னும் மடக்கி, வேகத்தைக் குறைத்து அடியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் நிற்பதே கடினம் என்றால், கால்களை வழக்கத்தைவிட ஒரு பாத அகலம் கூடுதலாக விரித்து வைத்துப் பாதி வேகத்தில் அடிப்பது நல்ல பழக்கம். காற்றில் முழு வேகத்துக்கு முயல்கிறவர்தான் முதலில் தடுமாறுவார்.

ஆறு வாரம் கழித்து இன்னொரு வீடியோ அனுப்புங்கள். ஒன்று எதிரிலிருந்து, ஒன்று பின்னாலிருந்து, இரண்டிலும் தலை முதல் கால்வரை தெரிய வேண்டும். பேரனைத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை மட்டை அவன் காதோரம் போனதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. போனை இரண்டு தடவை கீழே சாய்த்துவிட்டான், பாவம், உங்கள் பாதம் பாதி நேரம் தெரியவே இல்லை.